ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் ஆகாது

குண்டு குண்டு இலைகளோடு இருந்த அந்தக் கலஞ்சோ செடியை மேனேஜரின் ஆபீஸ் அறை ஜன்னலில் கொண்டுவந்து வைத்தது அவர் மனைவிதான்.

"நம்ம வீட்ல வெயிலே வராதுங்க. இங்கயே இருக்கட்டும். தண்ணி எப்பவாவது ஊத்தினா போதும். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லைட் வெளிச்சம் பட்டா பூக்கவே பூக்காதாம்."

ஒன்பது மணிவரை நாற்காலியை விட்டு எழாத மனிதர், அன்றிலிருந்து ஆறு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினார். மகள் தூங்குவதற்குள் வீட்டில் இருந்தார். அவளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டே மாதத்தில் செடி கொத்துக் கொத்தாகச் சிவந்து பூத்தது. பூரித்துப்போய் உரம் வாங்க நர்சரிக்குப் போனவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"சாயங்காலம் ஒரு அட்டைப்பெட்டியைக் கவுத்து மூடினாலே போதுமாம். நர்சரிக்காரர் சொல்றார். நான் பாட்டுக்கு வேலையைப் போட்டுட்டு தினமும் ஓடி வந்திருக்கேன்."

"செடி வாங்குறப்ப என்கிட்டயும் அதைத்தான் சொன்னார்" என்றாள் மனைவி.