காலையில் பொருத்திய ஆயில் சீல்

எழுதத் துணிந்த இச்சிறியவளைப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் ஆலையின் வேதியியலாளர். என் கணவர் அங்கேயே இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர்.

காலை எட்டு மணிக்கு அவர் பம்பில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் புதிதாகப் பொருத்தி, அருகிலேயே நின்று கவனித்தார். ஒன்பது மணிக்கு எண்ணெய் கசிந்தது. கழற்றிய சீலை என் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். ரப்பர் கல்லாய் இறுகி வெடித்திருந்தது. சூடான எண்ணெயின் வேதிப்பொருள்கள் இருபது ஆண்டுகள் தின்றால்தான் அவ்வாறு ஆகும்.

"தப்பான எண்ணெய ஊத்திட்டு ரப்பரைக் குறை சொல்றீங்களா?" என்று தொலைபேசியில் சீண்டினேன்.

"சரியான எண்ணெய்தான் தாயே. முட்டி வலிக்குது, மெதுவா வர்றேன்."

சோதனைக்கூடக் கதவைத் திறந்தேன். முழுதும் நரைத்த தலையுடன் நின்றிருந்தார். காலையில் அவருக்கு வயது முப்பத்திரண்டு.

இழந்தவை: ஓர் ஆயில் சீல், மூன்று லிட்டர் எண்ணெய், இருபது ஆண்டுகள்.