இருபத்தைந்து வயது முகம்

“இவன் இல்லை” என்று நீபியா விரலால் தள்ளிவிட்டாள். கைபேசித் திரையிலிருந்து ஓர் அழகான இளைஞன் விலகிப் போக, இன்னோர் அழகான இளைஞன் வந்து கண்ணடித்தான்.

“ஏண்டி, இவனுக்கு என்ன குறைச்சல்? சிரிச்சா கன்னத்துல குழி விழுது பாரு. உனக்கு வேண்டாம்னா என் பக்கம் தள்ளிவிடு!” என்றாள் சுல்மா. குடுவையிலிருந்து மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடி, தோழியின் தோள்மேல் சாய்ந்து அவளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவனும் இல்லை.”

வந்து போனவர்களில் ஒருவரும் இளைஞர் அல்லர். எல்லாரும் எழுபதைத் தொட்ட கிழவர்கள். கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தால் போதும். சுருக்கமும் வழுக்கையும் மறைந்து, இருபத்தைந்து வயது முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஃபில்டர் அந்த வருடம் தலைநகர் மொந்தெவிதேயோவையே பைத்தியமாக அடித்திருந்தது. பேருந்திலும் மருந்துக் கடை வரிசையிலும் கடற்கரை நடைபாதையிலும் யாராவது ஒரு பெரியவர் தன் பழைய முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதை ஓய்வுபெற்றோர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் போட்டியாக்கியவள் நீபியாதான். ஜெயிப்பவருக்கு ஆட்டுக்கறி விருந்து, சனிக்கிழமை நடனத்தில் அவளோடு முதல் ஆட்டம். நாடு முழுவதிலிருந்தும் பேரப்பிள்ளைகள் தாத்தாக்களைப் பிடித்து உட்கார வைத்துப் படம் அனுப்பினார்கள். ஒரே ஒரு நிபந்தனை: படத்தில் முடி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மீசை கூடாது.

“அதுதாண்டி எனக்குப் புரியவே இல்லை” என்றாள் சுல்மா. “நம்ம காலத்துப் பசங்க தோள் வரைக்கும்ல முடி வளர்த்துட்டுத் திரிஞ்சானுங்க? ஃபில்டர்ல அந்த முடியும் இருக்கே. நீ எதுக்கு எல்லாரையும் நாவிதன்கிட்ட அனுப்புற?”

“எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கு.”

சுல்மா குடுவையைக் கீழே வைத்துவிட்டாள். “ஆக, யாரோ ஒருத்தனைத்தான் தேடுற. யாருடி அவன்? சொல்லித் தொலை.”

நீபியா மன்றத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் தன்னைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“பைசாந்தூ ஊர்ல இருந்தப்போ எங்க வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்தான். நல்ல மழை. அம்மா ரொட்டி பொரிச்சிட்டு இருந்தாங்க. அவனை உட்கார வெச்சு, சுடச்சுடக் கொடுத்தாங்க. மரியாதையாத்தான் பேசினான். தின்னுட்டு, கையைத் துடைச்சுட்டு, வாக்குக் கொடுத்துட்டுப் போனான். நாங்களும் நம்பினோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அம்மா சாகிற வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க.”

“அடப்பாவி! கல்யாணம் பேசிட்டு ஓடிட்டானா?” சுல்மாவின் முகம் சிவந்தது. “கையில கிடைச்சா என்னடி பண்ணுவ?”

“ஒரே ஒரு கேள்வி கேட்கணும். ஊரே பார்த்துட்டு இருக்கிறப்போ கேட்கணும்.”

“கேள்வி மட்டும் போதாது, செருப்பையும் கழட்டு!”

நீபியாவின் விரல் சட்டென்று நின்றது. திரையில் ஒட்ட வெட்டிய தலை, மெல்லிய உதடு, சற்றே தூக்கிய இடது புருவம். கண்களில் அதே கனிவு. கீழே டார்டோ என்று போட்டிருந்தது. பெயர் அவளுக்குப் புதிது.

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “இவர்தான் ஜெயிச்சவர்.”

சனிக்கிழமை டார்டோ சாம்பல் நிற கோட்டில் ஒரு வெள்ளைப் பூவைச் செருகிக்கொண்டு வந்தார். மன்றத்தின் சுவரில் பெரிய திரை. கூடத்தில் வழுக்கைத் தலைக் கிழவர் காலெடுத்து வைக்க, திரையில் அந்த இளைஞன் காலெடுத்து வைத்தான். எல்லார் கைபேசிகளும் உயர்ந்தன; நடனம் நேரலையில் போனது. இதயங்கள் குமிழ் குமிழாகத் திரையில் மிதந்தன.

அவர் கை அவள் இடுப்பைத் தொட்டது. தட்டிவிடத் துடித்த தன் கையை அவள் அவர் தோள்மேல் வைத்துக்கொண்டாள். கால் பிசகாமல் ஆடினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். இந்தச் சிரிப்புக்கும் சேர்த்து அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

“படம் கிடம்னாலே நான் ஒதுங்கிடுவேன், அம்மணி. பேத்திதான் விடலை” என்றார் அவர், மனம் குளிர்ந்துபோய். “ஆனா அந்தக் காலத்துல நிறையப் பேரை அழ வெச்ச முகம் இது.”

“தெரியும்.”

இசை நின்றது. கைதட்டல் எழுந்தது. சுல்மா ஒலிவாங்கியைக் கொண்டுவந்து தோழியின் கையில் திணித்துவிட்டு, “இவன்தானா?” என்று காதில் கேட்டாள். நீபியா தலையசைத்தாள். மற்றொரு கையால் அவர் விரல்களை இறுகப் பிடித்திருந்தாள்.

“என்ன அம்மணி, கையை விட மாட்டேங்கிறீங்க? இன்னொரு ஆட்டமா?” என்று டார்டோ கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். கூடம் சிரித்தது.

“இல்லை, லெப்டினன்ட்.”

ராணுவம் ஆண்ட அந்தப் பழைய வருடங்களின் சொல் கூடம் முழுவதும் ஒலித்தது. அவர் கையை உருவப் பார்த்தார், முடியவில்லை. மேலே திரையில் அந்த இளைஞனின் சிரிப்பும் அவிந்துபோயிற்று.

“திரும்பி வந்துடுவான்னு எங்க அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தியே, எங்க அண்ணனை எங்கடா புதைச்சே?”