குலுங்காத டோலி

குண்டூர் நாடு என்னும் மலைப்பகுதியில் சாலை போடக் கொடுத்த பணம் என்னவாயிற்று என்று பார்க்க நாடாளுமன்றக் குழு வந்தது. மற்றவர்கள் விருந்தினர் மாளிகையிலேயே தங்கிவிட, தலைவர் மட்டும் கிளம்பினார். தார் முடிந்த இடத்தில் ஜீப் நின்றது.

"இங்க மட்டும் மழை அரிச்சிருச்சுங்க சார். மேலே நல்ல ரோடு," என்றார் என்ஜினீயர்.

தலைவருக்கு மூட்டுவலி. டோலி கட்டச் சொன்னார்கள்.

மூங்கிலில் போர்வையை முடிந்துகொண்டே, டோலி தூக்க வந்த பூபதி தன் மாமனார் செங்கோட்டையன் காதைக் கடித்தான். "மாமா, கல்லுக்குக் கல்லு குலுக்கிப்போடுவோமுங்க. எலும்பு நொந்தாத்தான் ரோடு இல்லீன்னு தெரியும்."

"ஆகட்டும் சாமி," என்றார் செங்கோட்டையன்.

முன்னால் அவர், பின்னால் பூபதி. வெயிலுக்குத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்ட தலைவர், ஊரில் இறக்கியபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்ததும், "கொஞ்சங்கூடக் குலுங்கலையே. நல்ல ரோடுதான்," என்றார். என்ஜினீயர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

அவர்கள் ஊருக்குள் போனதும் பூபதி கொதித்தான். "ஏனுங்க மாமா, குலுக்கச் சொன்னேனுங்களே?"

"பின்னால தூக்குன நீ குலுக்குனியா?"

பூபதி மூங்கிலில் இருந்த முடிச்சை அவிழ்த்தான்.

"பிள்ளைத்தாச்சிகளைத் தூக்கியே பழகின தோளு கண்ணு. கல்லைக் கண்டாத் தானா நிதானிக்குது."

செங்கோட்டையன் போர்வையை மடித்தார். போன மாதம் பூபதியின் மனைவியை, அவருடைய ஒரே மகளை, பிரசவ வலியோடு இதில்தான் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள்.

"அன்னிக்கும் குலுங்கலை," என்றார். "பாதி வழியில அவ உசுரு போனதுகூட நம்ம தோளுக்குத் தெரியலையே."