தேதி மாற்றம்

தியாகராசனும் தங்கமணியும் இத்தாலியில் மலைமேல் இருக்கும் ஒரு பழைய நகரத்துக்குப் போகத் திட்டமிட்டிருந்தார்கள். ஒன்பதே அறைகள் உள்ள சின்ன விடுதி. அதற்குள் தியாகராசனின் அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். வலங்கைமானிலிருந்து தியாகராசன் செவ்வாய்க்கிழமை விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பினான். தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று மட்டுமே கேட்டான். காரணம் எழுதவில்லை.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. லிஃப்ட் கிடையாது. காலை உணவு ஏழரைக்கு. உங்கள் தந்தையின் பதினாறாம் நாள் காரியம் ஜூன் இருபதாம் தேதி முடிந்துவிடும் என்பதால், இருபத்திரண்டாம் தேதியிலிருந்து அறை ஒதுக்கியிருக்கிறோம். இனி மாற்ற இயலாது.

தங்கமணி காலண்டரில் விரல் வைத்துப் பின்னோக்கி எண்ணினாள்.

"அப்படின்னா நாளான்னைக்கு, வியாழக்கிழமைங்க."

விமான டிக்கெட்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

புதன்கிழமை அப்பா எழுந்து உட்கார்ந்தார். வியாழன் காலை நாலு இட்லி சாப்பிட்டார். மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வந்தார். "அடுத்த வாரம் வயலுக்கே போயிடுவேன்டா" என்றார்.

மாலை ஐந்து மணியாயிற்று. ஆறு மணியாயிற்று.

"டிக்கெட்டையும் இனிமே மாத்த முடியாதுங்க" என்றாள் தங்கமணி.

தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒரு டம்ளர் பாலும் ஸ்பூனும் எடுத்து வந்தாள். தியாகராசன் அப்பாவைப் படுக்கவைத்து, இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"நான்தான் எழுந்து குடிப்பேனே" என்றார் அப்பா. "ஸ்பூன் எதுக்கும்மா?"