பூட்டிய கணக்கு
ரத்த வங்கியின் கணினி அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. ஆளாளுக்குத் தப்பான பாஸ்வேர்டைத் தட்டித் தட்டி, கிளவுட் கணக்கு பூட்டிக்கொண்டுவிட்டது; எந்த ஆஸ்பத்திரிக்கும் ரத்த இருப்பு விவரம் போகவில்லை. "கால் மணி நேரம் யாரும் கை வைக்காதீங்க, தானாத் திறந்துக்கும். நடுவுல யாராவது தப்பாத் தட்டினா, மறுபடி முதல்லேருந்து பூட்டிக்கும். சரியான பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்கு," என்கிறாள் கணினிக்காரப் பெண். "நீ சொன்னா சரிதாம்மா," என்று எதிர் நாற்காலியில் சாய்கிறார் மேலாளர். தொலைபேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்கிறது. "ஆபரேஷனுக்கு ஆளைப் படுக்க வச்சுட்டாங்களாம்," என்கிறார் அதை எடுத்த குமாஸ்தா. அவள் விரல்கள் விசைப்பலகையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கின்றன. கெடு முடிகிறது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறாள். மறுபடி சிவப்பு வரி: 'கணக்கு பூட்டப்பட்டுள்ளது.' நிமிர்கிறாள். மேலாளர் குனிந்திருக்கிறார், மேசைக்கடியில் ஒளித்த கைபேசியில் அவர் கட்டைவிரல் தட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் மூக்குக்கண்ணாடியிலும் அதே சிவப்பு.