பத்து நாள் லீவு

"பத்து நாளா?" என்றாள் பள்ளி அலுவலக கிளார்க், கண்ணாடித் தடுப்புக்கு அடியில் விண்ணப்பத்தை நீட்டிய ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பத்தே நாள்தான் என்றார் அவர். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறார்களாம். முழு ஆண்டு விடுமுறையில் போனால் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் இப்போதே கிளம்புகிறார்களாம்.

அவரைப் பார்க்கவில்லையே தவிர, அவருக்குப் பின்னால் ஜன்னல் வழியே தெரிந்த நீலக் காரை அவள் ஓர் அங்குலம் விடாமல் பார்த்து முடித்திருந்தாள். முன் சீட்டில் ஒருத்தி கறுப்புக் கண்ணாடியும் அகலமான தொப்பியுமாகச் சாய்ந்திருந்தாள். கடலுக்கு இன்னும் ஆறு மணி நேரம் போக வேண்டும், அதற்குள் தொப்பி. பின் சீட்டில் பெரியவளும் சின்னவனும் காற்றடைத்த ரப்பர் வாத்து ஒன்றுக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளார்க்குக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது.

பரீட்சைக்கு மூன்றே வாரம் இருக்கிறது. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் பாடப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழும்போது, இந்த மகாராணிக்கு மணலில் காலை நீட்டிப் படுக்க வேண்டுமாம். கொடுத்து வைத்தவள்.

ஆனால் கடலுக்குப் போகும் வழி அந்தக் கண்ணாடித் தடுப்பைத் தாண்டித்தான் போனது. கிளார்க் சரிபார்த்து முத்திரை குத்தினால்தான் விண்ணப்பம் தலைமையாசிரியர் மேஜைக்குப் போகும். குத்தாவிட்டால் பத்து நாளும் ஆப்சென்ட், பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாது. தலைமையாசிரியரோ பன்னிரண்டு மணிக்கு வெளியே கிளம்பிவிடுவார். அப்போது மணி பதினொன்றரை.

அவள் அவசரப்படவில்லை. தேதி அடித்து எழுதப்பட்டிருக்கிறது, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தார். மூன்றாம் வகுப்பு என்றால் எந்தப் பிரிவு என்று கேட்டாள். சின்னவன் எந்தப் பிரிவு, எந்த பெஞ்சு, பக்கத்தில் யார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இருந்தாலும் கேட்டாள். அதையும் பொறுமையாக எழுதிக் கொடுத்தார்.

காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சுற்றுலா' என்று இருந்தது. அந்த முதல் வார்த்தையை அவள் இரண்டு தடவை படித்தாள்.

போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து காதோரம் கிசுகிசுத்தாள்.

"விடுங்கக்கா, பாவம். நீங்க ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட லீவே எடுக்கலையாமே. நாலு நாள் எங்கயாவது போய்ட்டு வந்தீங்கன்னா இந்த எரிச்சல் எல்லாம் போயிடும்."

"இங்க வராம நான் எங்க போக?" என்றாள் கிளார்க்.

சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். தொப்பிக்காரி பின்னால் திரும்பிச் சின்னவனின் வாயைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவனும் முகத்தை வாகாகக் காட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் துடைக்கத் தெரிகிறதே, கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வளைவுப் பாதையில் அவனுக்கு வயிற்றைப் புரட்டும் என்று தெரியுமா? எங்கே தெரியப் போகிறது.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. தலைமையாசிரியர் அறையில் பீரோ பூட்டும் சத்தம் கேட்டது.

இனி பாக்கி இருந்தது விண்ணப்பத்தின் அடிப்பகுதிதான். ஐந்து நாளுக்கு மேல் லீவு என்றால் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. அப்பா கட்டத்தில் கையெழுத்து இருந்தது. அடுத்த கட்டத்தைத்தான் அவள் இவ்வளவு நேரம் பார்க்காமல் கையால் மறைத்து வைத்திருந்தாள். கையை எடுத்துப் பார்த்தாள். காலி.

பிடி கிடைத்துவிட்டது.

"அம்மா கையெழுத்து எங்க?" என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. "அது இல்லாம இது செல்லாது."

டைப்பிஸ்டுக்கு மனசு கேட்கவில்லை.

"அதுக்கென்ன சார், அவங்கதான் கார்லயே இருக்காங்களே. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

கிளார்க் முத்திரைக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தொப்பி இறங்கி வந்து, தன் கண் எதிரிலேயே அந்தக் கட்டத்தில் பேர் எழுதுவதைப் பார்க்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதையும் பார்த்துவிட்டால் ஆசை தீர்ந்துவிடும்.

வேண்டாம் என்று டைப்பிஸ்டைக் கையமர்த்தினார் அவர். விண்ணப்பத்தைக் கிளார்க்கின் பக்கமாகத் திருப்பி, பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அவ எப்படிப் போடுவா? பிள்ளைங்களுக்கு அம்மா நீதானே."