பனி அளக்கும் பலகை

காற்றழுத்தமானியின் முள் காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த வருடமும் ஒக்டோபர் முடியவில்லை, அதற்குள் பனிப்புயல். இருபது வருடமாக வானிலையைக் குறித்துவைக்கும் குணநாயகத்துக்கு நெஞ்சு சந்தோஷத்தில் படபடத்தது. அந்தச் சந்தோஷத்தை நினைக்க அவருக்கே வெறுப்பாக இருந்தது.

மைத்துனன் வரதன் போனில் கூப்பிட்டான். "அத்தான், ரேடியோக்காரன் ஒண்டுமில்லையெண்டுறான். சனிக்கிழமை அக்காவின்ர முதலாம் வருச ஆட்டைத் திவசம். ஐயர் இன்னும் பனி டயர் மாத்தாமல் சம்மர் டயரோடதான் கார் ஓடித் திரியிறார். கொட்டுமோ?"

"கொட்டும். நல்லாக் கொட்டும்."

"என்ன, கலியாணத்துக்கு ஆள் கூப்பிடுற மாதிரிச் சொல்லுறியள்! போன வருசம் எவ்வளவு?"

"பதினொண்டரை சென்டிமீட்டர்," என்றார் யோசிக்காமல்.

போன வருடம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். பனியை அளந்து வர மனைவி தவமலர்தான் பின்வளவுக்குப் போனாள். வெகுநேரமாகியும் அவள் வராததால் எழுந்து போனார். பனி அளக்கும் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து அசையாமல் கிடந்தாள். அவர் குனிந்தார். முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, பலகையில் பனிக்குள் நின்ற அடிமட்டத்தின் அளவை.

போனை வைத்துவிட்டு, பலகையை உடைத்தெறிவதென்று நிலவறைக்கு இறங்கினார். எடுத்தபோது தூசியாக இருந்தது. சட்டைக் கையால் துடைத்தார். பிறகு பின்வளவில், அவள் கிடந்த அதே இடத்தில் அதை வைத்து, குந்தியிருந்து மட்டம் பார்த்தார். மூக்கில் ஏதோ சில்லென்று விழுந்தது. முகம் தானாகவே மலர்ந்தது. அவர் காறித் துப்பினார், பலகையில் படாமல்.